நீலமா, ரோஸா? மண்ணைக் கேளுங்கள்!

கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஊட்டிக்கோ, குன்னூருக்கோ, கொடைக்கானலுக்கோ போய் வந்தவரா நீங்கள்? அப்படியானால் அந்தப் பூவைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். பழைய பங்களாக்களின் வேலி ஓரத்தில், பூங்காக்களின் நிழல் பாதையில், ஏன், சின்ன ஓட்டு வீட்டின் குழாயடியில்கூடப் பந்து பந்தாகப் பூத்து நிற்கும். ஒவ்வொரு கொத்தும் கைக்குழந்தையின் தலை அளவு இருக்கும். ஒரு வீட்டில் வான நீலம். அடுத்த வீட்டில் வெளிர் ரோஸ். இன்னொரு வீட்டில் கத்தரிப்பூ நிறம். அதுதான் ஹைட்ரேஞ்சியா. பெயர் வாயில் நுழையச் சற்றுச் சிரமப்பட்டாலும், பூ பார்த்தவுடனே மனத்தில் நுழைந்துவிடும்.

பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? நர்சரியில் ஒரு தொட்டி வாங்கி, ஆடாமல் அசையாமல் மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வருகிறீர்கள். சென்னையிலோ மதுரையிலோ மொட்டை மாடியில், ரோஜாவுக்குப் பக்கத்தில், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து வைக்கிறீர்கள். பத்து நாள் ஆகிறது. இலை ஓரம் கருகுகிறது, பூ காகிதமாகிறது. “எனக்குக் கைராசி இல்லை, அவ்வளவுதான்” என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

கைராசியின் மேல் பழி போட வேண்டாம். இந்தச் செடியின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டால் போதும். எங்கே வளரும், எங்கே வளராது, எப்போது வெட்டலாம், எப்போது கத்தரிக்கோலை உறையில் போட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர் வீட்டில் அது ஆண்டுதோறும் பூக்கும். தெரியாதவர் வீட்டில் எத்தனை எரு போட்டாலும் வெறும் இலையாகத்தான் நிற்கும்.

மழை நாட்டுப் பெண்

நாம் மலையில் பார்க்கும் இந்த ஜாதிக்குப் பிறந்த வீடு ஜப்பான். அங்கே ஜூன் மாதம் மழைக்காலம். வானம் மூடி, தூறல் விடாமல் விழும் அந்த நாட்களில்தான் அங்கே இது பூக்கும். காமகுரா நகரில் மெய்கெட்சு-இன் என்ற கோயிலுக்கு இந்தப் பூவைப் பார்ப்பதற்காகவே ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். குளிர்ந்த காற்று, ஈர மண், மறைந்து மறைந்து வரும் சூரியன்: இவைதாம் அது பிறந்த வீட்டில் அனுபவித்த சௌகரியங்கள்.

இந்தப் பூவோடு ஒரு பெண்ணின் கதையும் சேர்ந்திருக்கிறது. 1823-இல் நாகசாகி துறைமுகத்துக்கு சீபோல்டு என்ற ஜெர்மானிய டாக்டர் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவை மூடியிருந்தது. டச்சு வியாபாரிகளுக்கு மட்டும் டெஜிமா என்ற சின்னத் தீவில் இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய டாக்டராகத்தான் சீபோல்டு வந்தார். அங்கே தாக்கி என்ற பெண்ணோடு வாழ்ந்தார்; 1827-இல் இனே என்ற மகள் பிறந்தாள். ஆனால் ஜப்பானின் தேசப்படங்களை அவர் ரகசியமாகச் சேர்த்து வைத்திருந்தது வெளிப்பட்டு, 1829-இல் நாட்டை விட்டே வெளியேற்றிவிட்டார்கள். தாயும், இரண்டு வயதுக் குழந்தையும் கரையில் நின்றுவிட்டார்கள்.

ஐரோப்பாவுக்குத் திரும்பிய சீபோல்டு ஜப்பானியத் தாவரங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அதில் இந்தப் பூ ஜாதி ஒன்றுக்கு ‘ஒட்டாக்ஸா’ என்று பெயர் வைத்தார். ‘ஓ-தாக்கி-சான்’ என்று மரியாதையாக அழைப்பதன் சுருக்கமே அது. தாவர சாஸ்திரத்தில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. துன்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் 1784-லேயே இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். ஆனால் நாகசாகி மறக்கவில்லை. இன்றும் அந்த நகரத்தின் பூ இதுதான். கரையில் நின்ற அந்தக் குழந்தை இனே வளர்ந்து, மேனாட்டு மருத்துவம் படித்து, பிரசவம் பார்க்கும் டாக்டராகப் பெயர் பெற்றாள். 1873-இல் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் அரண்மனைப் பிரசவத்துக்கே அவளை அழைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நிறத்தின் ரகசியம்

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நாம் ‘இதழ்’ என்று நினைப்பது உண்மையில் இதழ் அல்ல. மொட்டை மூடிக் காக்கும் புல்லிதான் அகன்று, நிறம் பூசிக்கொண்டு நிற்கிறது. நிஜப் பூ நடுவில் கடுகளவு இருக்கும். அதனால்தான் ஒரு கொத்து வாரக் கணக்கில் வாடாமல் நிற்கிறது.

“ஒரே செடியிலிருந்து குச்சி ஒடித்து நட்டோம். அவர்கள் வீட்டில் நீலம், எங்கள் வீட்டில் ரோஸ். இது என்ன மாயம்?” என்று மலையூர்ச் சகோதரிகள் கேட்பதுண்டு. மாயம் ஒன்றுமில்லை. எல்லாம் மண்ணின் வேலை.

மண்ணில் அலுமினியம் எப்போதும் உண்டு. மண் அமிலத்தன்மையோடு இருந்தால் அது கரைந்து, வேர் வழியே பூவுக்குப் போய்ச் சேரும். பூவில் உள்ள சாயத்தோடு கலந்து நீலமாகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் அலுமினியம் கரையாமல் அங்கேயே பூட்டிக்கொள்ளும், பூ ரோஸாகிவிடும். மண் பரிசோதனை செய்பவர்கள் ‘பி.எச்.’ என்று ஓர் எண் சொல்வார்கள். அந்த எண் 5.5-க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5-க்கு மேலே போனால் ரோஸ். இரண்டுக்கும் நடுவில் கத்தரிப்பூ நிறம். தேயிலை வளரும் மண்ணெல்லாம் அமில மண்தான். நீலகிரித் தோட்டங்களில் இந்தப் பூவுக்கு நீலம் தானாகவே வருவது அதனால்தான். அதே ஊரில் புதிதாகக் கட்டிய சுவரின் ஓரம் நட்ட செடி ரோஸாகப் பூத்தால், சிமெண்டிலிருந்தும் சுண்ணாம்புப் பூச்சிலிருந்தும் கசிந்து இறங்கிய சத்துதான் காரணம்.

வெள்ளை ஜாதிக்கு மட்டும் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. எந்த மண்ணில் வைத்தாலும் அது வெள்ளைதான்.

நிறத்தை மாற்ற ஆசையா?

நீலம் வேண்டுமானால், வீட்டில் இருக்கும் படிகாரமே போதும். அதில் அலுமினியம் இருக்கிறது. படிகாரத்தை நன்றாகப் பொடித்து, 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேஜைக்கரண்டி வீதம் கரையுங்கள். மழைத் தண்ணீராக இருந்தால் உத்தமம். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்துக்கொண்டு, பிறகு இந்தக் கரைசலை வேரடியில் ஊற்றுங்கள். மொட்டுப் பிடிக்கத் தொடங்கும்போது ஆரம்பித்து, 3 வாரத்துக்கு ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். “இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நீலமாகுமே” என்று அள்ளிப் போட்டீர்களோ, வேர் கருகிவிடும். நட்டு இரண்டு வருஷம் ஆகாத இளஞ்செடிக்கு இந்த வைத்தியமே வேண்டாம்.

ரோஸ் வேண்டுமானால், மலைத் தோட்டங்களில் போடும் டோலமைட் சுண்ணாம்புத் தூளில் ஒரு கைப்பிடி எடுத்துச் செடியைச் சுற்றித் தூவிக் கிளறிவிடுங்கள். எலும்புத் தூளும் ரோஸ் பக்கமே சேரும். ஆகவே நீலம் விரும்புகிறவர்கள் எலும்புத் தூளைத் தொடக்கூடாது. சுண்ணாம்பு மிஞ்சினால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள்.

துருப்பிடித்த ஆணியை வேரில் புதைத்தால் நீலம் வரும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆணியில் இருப்பது இரும்பு. இங்கே வேண்டியது அலுமினியம். ஆணி குழந்தைகளின் காலில் ஏறாமல் இருந்தால் அதுவே லாபம்!

பூத்து நிற்கும் கொத்து ஒரே இரவில் நிறம் மாறாது. இந்த வருஷம் செய்வதன் பலன் பெரும்பாலும் அடுத்த வருஷப் பூவில்தான் தெரியும். பொறுமை வேண்டும். தொட்டிச் செடியானால் மண் கொஞ்சம். அதனால் நிறம் சீக்கிரம் சொன்னபடி கேட்கும்.

இடமும் தண்ணீரும்

காலை வெயில் படவேண்டும். மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கென்றே அமைந்தது. பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் நடாதீர்கள். மரம் எல்லாத் தண்ணீரையும் தானே குடித்துவிடும்.

ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி எடுத்து, மண்ணோடு இலைமக்கும் நன்றாக மக்கிய தொழு எருவும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். களிமண் பூமியானால் மணலும் சேருங்கள். செடிக்குச் செடி 4 அல்லது 5 அடி இடைவெளி விடுங்கள். இப்போது சின்னதாக இருக்கிறதே என்று நெருக்கி நட்டால், மூன்றாம் வருஷம் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். வேரடியில் காய்ந்த இலைச் சருகை 2 அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

இதன் இலை அகலமானது. நண்பகலில் வேர் அனுப்பும் தண்ணீரை விட இலையிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகம். அதனால் மதியம் செடி முழுவதும் துவண்டு தொங்கும். உடனே பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்ற வேண்டாம்! விரலை மண்ணில் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் தாகம் என்று அர்த்தம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகிய வேருள்ள செடியும் வாடித்தான் நிற்கும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றித்தான் பல செடிகள் சாகின்றன.

கத்தரிக்கோல் ஜாக்கிரதை!

“செடி செழிப்பாகத்தான் இருக்கிறது, பூதான் இல்லை” என்பது மலையூர்களில் அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் குற்றவாளி கத்தரிக்கோல்தான்.

ரோஜாவைக் கவாத்து செய்தால் புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிரிலேயே பூக்கும். அதே பழக்கத்தில் மார்கழி, தை மாதத்தில் தோட்டக்காரர் இதையும் முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிடுகிறார். ஆனால் ஹைட்ரேஞ்சியாவின் சங்கதி வேறு. இந்த வருஷ மழையில் வளர்ந்த குச்சியின் நுனியில், குளிர்காலத்தில், அடுத்த வருஷப் பூ கண்ணுக்குத் தெரியாத மொட்டாக உருவாகிவிடுகிறது. அந்த நுனியை வெட்டினால், வரப்போகும் வருஷத்துப் பூ முழுவதையும் குப்பையில் போட்டதாகும்.

சரியான முறை இதுதான். பூ ஓய்ந்தவுடன், வாடிய கொத்தை மட்டும், அதன் கீழே தடித்து நிற்கும் முதல் ஜோடி மொட்டுக்கு மேலாக வெட்டுங்கள். அதற்குப் பிறகு கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். ஊட்டியின் பள்ளத்தாக்குகளைப் போல உறைபனி விழும் இடமானால், வாடிய கொத்தைக்கூட அப்படியே விட்டுவையுங்கள். அது கீழே உள்ள மொட்டுக்குக் குல்லாய் போலக் காவல் இருக்கும். பிப்ரவரியில் பனி விலகிய பிறகு வெட்டிக்கொள்ளலாம். செடிக்கு வயதாகிவிட்டால், ஆண்டுக்கு இரண்டு மூன்று கிழட்டுக் குச்சிகளை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள். கீழிருந்து புதுக் குச்சி வரும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு

“எல்லாம் மலைக்காரர்களுக்குச் சொல்கிறீர்கள். சென்னையில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கிறீர்களா? மூடி மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

இந்தச் செடி மொட்டுக் கட்டுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் வேண்டும். சுமார் 7,000 அடி உயரத்திலிருக்கும் கொடைக்கானலில் அது கிடைக்கும். சென்னையின் மார்கழியில்கூட அத்தனை நாள் தொடர்ந்து கிடைக்காது. போதாக்குறைக்கு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. நீங்கள் வாங்கிவந்த தொட்டியில் இருந்த பூ, குளிரில் வளர்ந்தபோதே உருவான மொட்டிலிருந்து வந்தது. அது ஓய்ந்தபின் செடி பிழைத்தாலும் மறுபடி பூப்பது அபூர்வம். இதில் உங்கள் கையின் பிழை ஒன்றுமே இல்லை.

ஆகவே, வாங்கினால் ஒரு பருவத்து விருந்தாளி என்று நினைத்து வாங்குங்கள். மொட்டை மாடியில் வைக்காமல், வடக்கு அல்லது கிழக்கு வராந்தாவில், நேர் வெயிலும் அனல் காற்றும் படாத இடத்தில் வையுங்கள். தினம் காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். பூ உள்ள வரை வீட்டுக்கு அழகுதான்.

ஆண்டுதோறும் கொத்துப் பூ வேண்டுமென்றால், நம் ஊர் இட்லிப் பூவை விடவா? சிவப்பு, ரோஸ், வெள்ளை என்று எத்தனை நிறம்! வெயிலைச் சந்தோஷமாகத் தாங்கும். அதற்கும் அமில மண் பிடிக்கும் என்பதால், இலை மஞ்சளானால் மக்கிய இலையெரு போட்டு, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள். நீல நிறத்துக்கு டிசம்பர் பூ இருக்கவே இருக்கிறது.

குழந்தை உள்ள வீட்டில்

இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஹைட்ரேஞ்சியாவின் இலையும் மொட்டும் விஷத்தன்மை உள்ளவை. தொட்டால் ஒன்றும் ஆகாது. தின்றால்தான் வாந்தியும் மயக்கமும் வரும். ஜப்பானில் 2008-இல், சாப்பாட்டுத் தட்டில் அலங்காரமாக வைத்த இலையைத் தின்றவர்களுக்கே உடம்புக்கு வந்துவிட்டது. ஆகவே கேக்கின் மேலும் விருந்துத் தட்டிலும் இதை வைக்காதீர்கள். கவாத்து செய்த குச்சிகளை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். தவழும் குழந்தையும், எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியும் இருந்தால், தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறிக் குழந்தை மென்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். புத்தர் பிறந்தநாளாகிய ஏப்ரல் 8-இல் ஜப்பானியர் அவர் சிலைக்கு அபிஷேகம் செய்யும் இனிப்புத் தேநீர், இதன் உறவுக்காரச் செடி ஒன்றின் இலையில் செய்வது. அந்தப் பேச்சைக் கேட்டு நம் வீட்டு இலையில் கஷாயம் போட்டுவிடாதீர்கள்!

ஜாடியில் வைக்க

மணம் இல்லாததால் இது தலைக்கு ஆகாது. ஆனால் மேஜைக்கு ஒரே ஒரு கொத்து போதும். விடியற்காலையில், நன்றாக விரிந்து முற்றிய கொத்தாகப் பார்த்து வெட்டி, உடனே தண்ணீரில் போடுங்கள். தண்டின் அடியைச் சாய்வாக நறுக்கி, அரை அங்குலம் படிகாரப் பொடியில் தோய்த்து ஜாடியில் வையுங்கள். அதிக நாள் நிற்கும். கொத்து துவண்டால் அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, பூவையே அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். பூ வழியாகவும் தண்ணீர் குடித்து மறுபடி நிமிர்ந்துவிடும்.

உலர்ந்த பூவாக வைத்துக்கொள்ள ஆசையானால், செடியிலேயே கொத்து சற்றுப் பச்சையோடி, தொட்டால் காகிதம் போல ஆகும்வரை பொறுங்கள். பிறகு வெட்டி, ஜாடியில் 2 அங்குலம் தண்ணீர் மட்டும் விட்டு வையுங்கள். அந்தத் தண்ணீர் வற்ற வற்றப் பூவும் தானாக உலரும். மாதக் கணக்கில் அப்படியே இருக்கும்.

ஒன்றைப் பத்தாக்க

மலையூரில் இருப்பவர்கள் காசு கொடுத்துச் செடி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பூக்காத இளங்குச்சியில் 5 அங்குலம், ஒரு கணுவுக்குக் கீழாக வெட்டுங்கள். அடி இலைகளை எடுத்துவிட்டு, மேலே உள்ள இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர மணலில் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். இதைவிடச் சுலபம் பதியன். தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் அழுத்தி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். சில மாதங்கள் கழித்து வேரோடு தனியே வெட்டி எடுக்கலாம்.

வேர் விட்ட குச்சிகளில் ஒன்றை அடுத்த வீட்டு மாமிக்கும், ஒன்றை எதிர்வீட்டு அக்காவுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “எங்கள் வீட்டில் இது நீலம். உங்கள் வீட்டில் எப்படியோ, உங்கள் மண்தான் சொல்ல வேண்டும்!”